உங்கள் பெயரில் ஒரு கடை

அன்புள்ள அண்ணிக்கு,

பாப்பா தூங்கிவிட்டாள். நேரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். நாளை வங்கியில் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

நம் தையல் கடையைப் பதிவு செய்தபோது, "உங்க பேர்லயே இருக்கட்டும் அண்ணி, தைக்கறது நீங்கதானே" என்றேன். உங்களுக்குக் கண் கலங்கிவிட்டது. சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மெஷினுக்கு மேலே மாட்டினீர்கள். வருகிறவர்களிடமெல்லாம், "படிச்ச நாத்தனார் வாய்ச்சா இப்படித்தான், கடையையே தூக்கிக் குடுத்துடுவா" என்று சிரிக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுகிறேன்.

அது பெருந்தன்மை இல்லை, அண்ணி. ஒருவர் பெயரில் மட்டும் கடை இருந்தால், கடைக்கடனுக்கு அவருடைய சொந்த வீடும் நகையும்கூடப் பொறுப்பு என்று ஆடிட்டர் என்னிடம் சொல்லியிருந்தார். அதைக் கேட்ட பிறகுதான் உங்கள் பெயரைச் சொன்னேன். லாபத்தில் மட்டும் பாதி கேட்டேன்.

பாப்பாவை நினைத்துப் பயந்துவிட்டேன் என்று எழுதி, அந்த வரியை அடித்துவிட்டேன். உங்களுக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஆடிட்டரிடம் பேசிவிட்டேன். முதலில் பங்குதாரர் ஒப்பந்தம் எழுதி, கடையை நம் இரண்டு பேர் பெயரிலும் பதிவு செய்வோம். லாபமும் நஷ்டமும் பாதிப் பாதி. அதன் பிறகு கடன் வாங்கினால் போதும், அதில் என் கையெழுத்தும் இருக்கும். இனி என்னோடு வேண்டாம் என்று தோன்றினால் அதுவும் நியாயம்தான்.

இதைப் படித்ததும் அந்தச் சான்றிதழைக் கழற்றிவிடுவீர்கள். ஆணியை மட்டும் பிடுங்காதீர்கள், அண்ணி.

உங்கள் நாத்தனார்