சீனிவாசலுவுக்குப் போன நெய்

கோயமுத்தூர்,
ஆவணி, 1934

அன்புள்ள அம்மாவுக்கு,

பாலுசாமி வணங்கி எழுதுவது. நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? எருமை ஒழுங்காகக் கறக்கிறதா?

அமாவாசையன்று நீங்கள் காலேஜ் விடுதிக்கு வந்துபோனதிலிருந்து என் அறையில் கூட இருக்கும் சீனிவாசலுவுக்கு உங்கள் பேச்சுத்தான். இருக்காதா பின்னே! விடுதியில் நெய் போடமாட்டார்கள், அவரவர் வீட்டு நெய்தான் என்று தெரிந்தும், எனக்குக் கொண்டுவந்த நெய்ச் செம்பை, "ஏன் கண்ணு, இப்படி எளச்சுப் போயிட்டீங்க? இத நீங்க வச்சுக்கங்க" என்று அவன் கையில் கொடுத்துவிட்டீர்கள். என்னிடம், "உனக்கென்ன, குண்டுக்கல்லாட்டம் இருக்கறே" என்றீர்கள். அந்தக் 'கண்ணு' இதுவரை எனக்கு மட்டும்தான் இருந்தது.

அவன் இரண்டு ஆள் சோறு தின்கிறவன், அம்மா. எவ்வளவு தின்றாலும் ஒட்டாத உடம்புவாகு. தினமும் பந்தியில் என் எதிரே உட்கார்ந்து, சோற்றில் குழி பறித்து நம் வீட்டு நெய்யை ஊற்றிக்கொள்கிறான். எனக்கும் நீட்டினான். பிடிக்காது என்று சொல்லிவிட்டேன்.

வரும்போது என் பழைய போர்வையும் கொஞ்சம் பருப்புப் பொடியும் கொண்டுவாருங்கள். பொடியை என் கையில் கொடுங்கள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு மணி அடிக்கிறது. நான் போகப் போவதில்லை; நேற்றும் போகவில்லை. அடுத்த அமாவாசைக்கு நீங்கள் வந்து பார்க்கும்போது சீனிவாசலுவைவிட நான்தான் இளைத்திருப்பேன்.

உங்கள் மகன்,
பாலுசாமி