பத்திரிகையில் போட்ட பி.எஸ்ஸி.

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்களுக்கு எழுதும் கடிதத்தை வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியாததால் 'அன்புள்ள' என்று எழுதிவிட்டேன். அதை வைத்து மகள் மனம் இளகிவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது. என் கோபம் இன்னும் போகவில்லை.

இதை நாலு பேர் படிக்கும்படி அச்சுக்கே கொடுக்கிறேன். மகள் அப்பனைச் சந்தி சிரிக்க வைக்கிறாள் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். என் கல்யாணப் பத்திரிகையை நீங்கள் சங்ககிரியிலிருந்து மோகனூர் வரைக்கும் வீடு வீடாகப் போய்க் கொடுத்தீர்கள். அதில் இருந்த பொய் அத்தனை வீட்டுக்கும் போனதல்லவா?

பியூசி ரிசல்ட் வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? கணக்கில் என் மார்க்கைப் பார்த்துவிட்டு, சங்ககிரி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் நின்றிருந்த எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தீர்கள். சேலத்துப் பெண்கள் கல்லூரியில் கணிதத்துக்கும் இடம் கிடைத்தது, வேதியியலுக்கும் கிடைத்தது. நான் கணிதம் என்றேன். நீங்களோ பக்கத்துத் தோட்டத்து சரோஜா எதில் சேர்கிறாள் என்று கேட்டீர்கள். வேதியியல் என்றேன். அத்தோடு என் படிப்பு முடிவாகிவிட்டது.

"பஸ்ஸுல போவ வர துணைக்கு ஆளு வேணுமல்ல அம்மணி? ரெண்டும் பி.எஸ்ஸி. தானே? பத்திரிகையில ஒரே எழுத்துத்தான் வரப்போவுது."

எனக்கு அப்போது பதினேழு வயது. எந்தப் பத்திரிகை என்று விளங்கிக்கொள்ளவே சில நாள் ஆயிற்று. கல்லூரியில் சேரும் முன்பே நீங்கள் என் கல்யாணப் பத்திரிகையை மனதுக்குள் அச்சடித்து முடித்திருந்தீர்கள்.

சரோஜாவுக்கு அந்தத் தை மாதமே கல்யாணம். புத்தகங்களை எல்லாம் என்னிடம் கொடுத்துவிட்டு ஈரோட்டுப் பக்கம் போய்விட்டாள். துணைக்காக எடுத்த படிப்பில் துணை இல்லை, படிப்பு மட்டும் இருந்தது. "அடுத்த வருசமாவது கணக்குக்கு மாறிக்கட்டுங்களா?" என்று கேட்டேன். "பாதியில மாறுனா ஃபெயிலாயிட்டான்னு பேசுவாங்க சாமி. சேந்தது சேந்தாச்சு, உடு" என்றீர்கள். பேசப் போகிறவர்கள் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மூன்று வருடம் தனியாகத்தான் போய் வந்தேன். அமிலம் தெறித்து இரண்டு தாவணி ஓட்டையாயிற்று. வேதியியல் எனக்கு வராமல் இல்லை, ஆனால் ஒருநாளும் அதில் மனம் ஒட்டவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்ணின் கணக்கு நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு சங்ககிரி வரும்வரை போட்டுப் பார்ப்பேன். தினமும் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நீங்கள் காத்திருப்பீர்கள். மழை நாளில்கூடத் தவறியதில்லை. அதை நினைத்தால் கோபம் குறைகிறது. அதனாலேயே அதிகம் நினைப்பதில்லை.

கடைசி வருடம் மோகனூரிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை பி.ஏ., பெண்ணும் டிகிரி படித்திருக்க வேண்டும் என்றார்கள். பங்குனியில் மஞ்சள் தடவிய பத்திரிகைக் கட்டு வீட்டுக்கு வந்தது. என் பெயருக்குப் பக்கத்தில் தடித்த எழுத்தில் பி.எஸ்ஸி. என்று இருந்தது. செய்முறைத் தேர்வு மட்டும்தான் முடிந்திருந்தது. எழுத்துத் தேர்வுகள் சித்திரையில், முகூர்த்தமும் சித்திரையில். இரண்டு தேர்வுகள் கல்யாணத்துக்கு முந்தின நாளும் மூன்றாம் நாளுமாக வந்து விழுந்தன.

"நான் இன்னும் பரிட்சையே எழுதலீங்களேப்பா."

"எழுதாமயா போயிருவ?"

"அப்ப முகூர்த்தத்தத் தள்ளி வெக்கச் சொல்லுங்க."

"பரிட்சைக்காவ யாராச்சும் முகூர்த்தத்த மாத்துவாங்களா? செப்டம்பர்ல எழுதிக்கலாம். மூணு வருசம் பஸ்ஸுல போயிட்டு வந்ததுக்கு இதக்கூடப் போடக்கூடாதா?"

மற்றவற்றை எழுதினேன், அந்த இரண்டும் நின்றுபோயின. ஹால் டிக்கெட்டைக் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்து மோகனூர் கொண்டுபோனேன். செப்டம்பரில் வயிற்றில் கவிதா இருந்தாள், சோறு வாசமே ஆகவில்லை. அடுத்த சித்திரையில் அவள் கைக்குழந்தை. அதற்குப் பிறகு நீங்களும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மோகனூரில் என் பெயரே மாறிப்போனது. மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் "பி.எஸ்ஸி. படிச்ச மருமவ" என்றுதான் அறிமுகம் செய்வார். கரும்பு ஆலையிலிருந்து வரும் கடிதம், பூச்சி மருந்து டப்பாவில் உள்ள எழுத்து, யாருக்கோ வந்த தந்தி, எல்லாம் என்னிடம் வரும். படித்துச் சொல்வேன். ஒவ்வொரு தடவையும் தொண்டை வறண்டு போகும். திருடிய நகையைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போவதுபோல இருக்கும் அப்பா. உங்களுக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

கவிதாவுக்கு ஐந்து வயதானபோது பக்கத்தில் ஒரு புதுப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார்கள். அதை நடத்துகிறவர் வீட்டுக்கே வந்து, அறிவியலும் கணக்கும் எடுக்க டீச்சர் வேண்டும் என்றார். கணக்கு! உங்கள் மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. "நம்மூட்டுலயே பி.எஸ்ஸி. இருக்குதுங்க, நாளைக்கே அனுப்பி வெக்கறேன்" என்றார். சான்றிதழை மட்டும் கொண்டுவரச் சொன்னார்கள். அப்பா வீட்டில் இருக்கிறது, போய் எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

நீங்கள் வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் அழுதுகொண்டே சொல்லி முடிக்கும்வரை மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. பிறகு சொன்னீர்கள்: "கரையான் தின்னுபோட்டுதுன்னு சொல்லிரு. யாரு வந்து பாக்கப் போறாங்க?"

என் படிப்பை மாற்றியதைக்கூட மன்னித்துவிடுவேன். பஸ்ஸில் தனியாகப் போகும் மகளை நினைத்துப் பயந்தீர்கள், அது அப்பன் மனசு. முகூர்த்தத்தை ஊருக்குப் பயந்து மாற்றவில்லை. ஆனால் அன்றைக்கு யாருக்குப் பயந்தீர்கள்? "ரெண்டு பேப்பர்தானே சாமி, போய் எழுதிட்டு வா, கொழந்தைய நான் பாத்துக்கறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? அந்த வார்த்தைக்காகத்தான் நான் பஸ் ஏறி வந்தேன். நீங்கள் எனக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்து அனுப்பினீர்கள்.

கரையான் என்றே போய்ச் சொன்னேன். எழுதிப் போட்டால் வேறு நகல் கிடைக்குமே என்றார் அந்த நல்ல மனிதர். குழந்தை சின்னவள், வேலைக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டேன். நாமக்கல்லிலிருந்து வேறொரு பெண்ணைப் போட்டுக்கொண்டார்கள். ஏன் மாட்டேன் என்றாய் என்று உங்கள் மாப்பிள்ளை பல மாதம் கேட்டுக்கொண்டிருந்தார்.

நீங்கள் போனபோது அண்ணன் கருமாதிப் பத்திரிகை அடித்தான். அதிலும் மகள் வசந்தாமணி, பி.எஸ்ஸி. "இதுல எதுக்குண்ணா?" என்றேன். "எப்பவும் அப்படித்தானே போடறது?" என்றான். செத்த பிறகும் நீங்கள் அதை விடவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் அந்தப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏமாற்றிவிட்டார்கள் என்று சத்தம் போடுவார், சங்ககிரிக்கே போய்விடு என்பார் என்று பயந்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். மூன்று நாள் ராத்திரி தோட்டத்திலேயே படுத்துக்கொண்டார். நாலாம் நாள் காலையில் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"எனக்கும் இங்கிலீசுப் பேப்பரு பாக்கிதான். மூணு தடவ எழுதிப் பாத்தேன். எங்கப்பா பி.ஏ.ன்னு போட்டுட்டாரு."

இதை உங்களிடம் நேரில் சொல்லி உங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் போனதுதான் எனக்கு வருத்தம். பெரிய சாமர்த்தியசாலி என்று நினைத்துக்கொண்டிருந்தீர்களே, உங்கள் சம்பந்தி உங்களை மிஞ்சியிருக்கிறார். என் கல்யாணப் பத்திரிகையில் உண்மையாக இருந்தது முகூர்த்த நேரமும் மண்டபத்தின் பெயரும்தான். நாங்கள் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரே வீட்டில், ஒரே பொய்யை, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் இத்தனை வருடம் சுமந்திருக்கிறோம்.

பழைய பாடத்திட்டத்துக்காரர்களுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு என்று பல்கலைக்கழகத்தில் அறிவித்திருந்தார்கள். பணம் கட்டினேன். என் கடைசி வருடப் புத்தகங்களையும் சரோஜா கொடுத்தவற்றையும் கவிதாதான் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தாள். சமன்பாடுகளை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் ஒப்பிப்பேன். "தப்பும்மா, மறுக்காச் சொல்லு" என்பாள். துணைக்கு வரட்டுமா என்று உங்கள் மாப்பிள்ளை கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியாகவே சேலத்துக்குப் போனேன். தேர்வறை வாசலில் ஒரு இளம் டீச்சர் என்னைத் தடுத்து, "கூட வந்தவங்க எல்லாம் வெளிய இருங்க" என்றார். ஹால் டிக்கெட்டைக் காட்டினேன். உள்ளே விட்டார்.

இரண்டிலும் பாஸ். சான்றிதழ் தபாலில் வந்தது. நேராக அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். இப்போது பி.எட். இல்லாமல் யாரையும் எடுப்பதில்லையாம். அந்த நாமக்கல் பெண்தான் கணக்கு எடுக்கிறாள். ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்தேன். நன்றாகத்தான் நடத்துகிறாள்.

அப்புறம் இந்தப் பட்டத்தால் என்ன பிரயோசனம் என்று கேட்பீர்கள். வேலை இல்லை. பிடித்த பாடமும் இல்லை. கவிதாவின் கணக்கு நோட்டைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. ஆனால் போன வாரம் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒரு மருந்து டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினார். படித்துச் சொன்னேன். தொண்டை வறளவில்லை அப்பா. அவ்வளவுதான் பிரயோசனம்.

திதிக்கு வரும்போது சான்றிதழைக் கொண்டுவந்து உங்கள் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிடச் சொல்கிறான் அண்ணன். அப்பா ஆத்மா சாந்தியடையுமாம். கொண்டுவர மாட்டேன். நீங்கள் போட்டது உங்கள் பி.எஸ்ஸி. நான் எழுதி வாங்கியது வேறு. அதில் உங்களுக்குப் பங்கு இல்லை.

கவிதா கணக்குப் படிப்பாளோ, வேறு எதைப் படிப்பாளோ, விண்ணப்பத்தை அவளே நிரப்புவாள். அந்தப் பாடத்துக்குப் போகிற பஸ்ஸில் அவள் ஒருத்திதான் என்றாலும் போகட்டும். அவள் கல்யாணம் எந்த மாதத்தில் வந்தாலும் பரிட்சை முடிந்துதான். அவள் பத்திரிகையில் அவள் பெயர் மட்டும்தான் இருக்கும். இது உங்கள் மேல் சத்தியம்.

பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள எனக்கு இப்போது உரிமை இருக்கிறது. போடவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மகள்
வசந்தாமணி