மூன்று குழிப் பெட்டியும் நம் மூக்கும்

இன்று காலை புதுப் பெட்டிக்கட்டு வந்து இறங்கியது. கயிற்றை அறுத்து ஒன்றை எடுத்து, முகம் முழுக்க உள்ளே போகும்படி மோந்து பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை. உடனே உன் ஞாபகம் வந்தது. கூடவே பயமும் வந்தது.

பட்டறை பாய் பக்கத்திலேயே நின்றிருந்தார். ஷூ கம்பெனிகளுக்கு அட்டைப் பெட்டி அடிப்பவர். நம் பழப் பெட்டியையும் இன்றுவரை அவர்தான் அடிக்கிறார். "மாதனூர் ரூம் ஒழுகுதுக்கா. அதான் பழைய குடோன்லயே வெச்சிட்டேன். தோலு அடுக்கறது அந்தப் பக்கம், நடுவுல செவுரு இருக்குது" என்றார். அவரும் ஒன்றை எடுத்து மோந்தார். "ஒண்ணும் வரல. வண்டிய வரச் சொல்லவா?"

சாயங்காலம் பெங்களூருக்கு இந்தப் பருவத்தின் முதல் லோடு. அந்தக் கடைக்காரர் நம்மை ஒருமுறை மன்னித்தவர். இன்னொரு முறை நடந்தால் சீதாப்பழத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லித்தான் மன்னித்தார். அதைக் கேட்டபோது நீயும் என் பக்கத்தில்தான் இருந்தாய்.

நீ முதலில் என் கடைக்கு வந்தபோது நான் உனக்கு முகம் கொடுக்கவே இல்லை. "அக்கா, நான் டிசைன் படிக்கறேன். பழத்துக்குப் பெட்டியும், கடைல அடுக்கி வெக்க ஸ்டாண்டும் செய்யணும். காலேஜ் ப்ராஜக்ட்" என்றாய்.

"அதுல எனக்கு இன்னா லாபம்?"

"இப்போதைக்கு ஒண்ணுமில்லக்கா. ஒரு க்ரேட்ட கவுத்துப் போட்டு உக்கார இடம் குடுங்க, போதும்."

பொய் சொல்லாத பதில். அதனால் இடம் கொடுத்தேன். கூடையைத் தூக்கிக்கொண்டு கம்பெனி பஸ் ஜன்னல்களுக்குக் கீழே கொய்யா விற்று மேலே வந்தவள் நான். ஷூ கம்பெனிக்குப் போகும் உன் அம்மாவும் அந்த ஜன்னல்களில் ஒன்றிலிருந்து என்னிடம் பேரம் பேசியிருப்பாள்.

நீ பழத்தை வரைவாய் என்று நினைத்தேன். நோட்டை எட்டிப் பார்த்தால் பக்கம் பக்கமாகக் கட்டைவிரல்.

"இன்னாம்மா இது?"

"உங்க பழத்தக் கெடுக்கறது இதாங்கா."

உண்மைதான். அமிர்திப் பக்கத்து மலையிலிருந்து வரும் சீதாப்பழம் கை பட்டால் ஒரு நாள்கூடத் தாங்காது. வருகிறவர் எல்லாம் பழுத்ததா என்று அமுக்குவார்கள். அமுக்கிய இடம் கறுத்துவிடும். அடுத்து வருகிறவர் கறுத்ததை ஒதுக்கிவிட்டு நல்லதை அமுக்குவார். "அமுக்காதீர்கள்னு போர்டு வெக்கலாமா?" என்று கேட்டாய். "வெச்சுப் பாரு, அதுக்குன்னே நிண்ணு அமுக்குவான்" என்றேன்.

எந்தப் பழம் எப்போது பழுக்கும் என்று பார்த்த உடனே எப்படிச் சொல்கிறீர்கள் என்று பிறகு கேட்டாய். நான் வாயைத் திறக்கவில்லை. தொழில் அது. நீ கோபித்துக்கொள்ளவும் இல்லை. "சொல்ல வேணாங்கா. பிரிச்சு மட்டும் வெச்சிடுங்க" என்றாய். அன்றைக்கே தெரிந்தது, நீ என்னைவிடப் பெரிய வியாபாரி என்று.

அப்படிப் பிறந்ததுதான் மூன்று குழிப் பெட்டி. இன்று, நாளை, மறுநாள் என்று மூன்று குழியிலும் எழுத்து. குழிக்கு ஒரு பழம். கடையில் அதே கணக்கில் மூன்று படி வைத்த ஸ்டாண்டு. எந்தப் பழத்தை எப்போது சாப்பிடுவது என்று எழுத்தே சொல்லிவிட்டதால், கட்டைவிரலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. என் கண்ணால் பார்த்தேன். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு ஒருவர் "மறுநாளுது குடுங்க" என்று கேட்டார்.

அதற்கு முன் நீ கெடுத்த பெட்டிகள் எத்தனை! ஷூ பெட்டியைப் போலவே மூடி போட்டாய். பழம் வேர்த்து அழுகியது. பக்கத்தில் ஓட்டை போட்டாய், பெட்டி நசுங்கியது. குலுங்கினால் தாங்குமா என்று பார்க்க உன் அம்மாவிடம் கொடுத்துக் கம்பெனி பஸ்ஸில் அனுப்பினாய். பெட்டி முழுசாகத் திரும்பி வந்தது, பழம் வரவில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் பங்கு போட்டுத் தின்றுவிட்டார்கள். "டேஸ்டுல பாஸுன்னு சொல்லச் சொன்னாங்க" என்று உன் அம்மா சொன்னதும் நீ தலையில் கைவைத்து உட்கார்ந்தாய். மறுநாள் பழத்துக்குப் பதிலாகக் களிமண் உருண்டையை வைத்து அனுப்பினாய்.

பெங்களூருக்கு முதல் லோடு போனபோது நமக்குத் தலைகால் புரியவில்லை. மாலையே போன் வந்தது. "இன்னாம்மா அனுப்பிச்சிருக்கீங்க? பொட்டியத் தொறந்தா செருப்புக் கடைக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்குது. பழத்துலயும் அதே வாடை."

பாயின் குடோனில் பதப்படுத்திய தோலுக்குப் பக்கத்தில்தான் நம் பெட்டிகள் கிடந்தன. பாய் மோந்திருந்தார், நான் மோந்திருந்தேன், நீ மோந்திருந்தாய். ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியாதுதானே! தோல் பதனிடும் ஊரில் பிறந்ததிலிருந்து அந்தக் காற்றைத்தான் இழுக்கிறோம்.

நீ அழுவாய் என்று பார்த்தேன். "நம்ம மூக்கு பழகிப்போச்சுக்கா. இனிமே அத நம்பக் கூடாது. வெளியூர் மூக்குதான் வேணும்" என்றாய். வாணியம்பாடியில் கேட்கலாம் என்றேன். "அங்கயும் தோலுதாங்கா, அதுவும் நம்ம மூக்குதான்" என்று சிரித்தாய். அதனால்தான் பெட்டிகளை மாதனூரில் வயலோரத்து ரூமுக்கு மாற்றிய பிறகு, ஒன்றைத் தூக்கிக்கொண்டு சோளிங்கர் போனோம். ஆந்திராவிலிருந்து வந்து மலை ஏறும் ஜனங்களிடம் காலிப் பெட்டியை நீட்டி, மோந்து பார்க்கச் சொன்னாய். பிரசாதம் என்று நினைத்து ஒரு பெரியவர் கண்ணில் ஒற்றிக்கொண்டார். யாரும் முகம் சுளிக்கவில்லை. அதன் பிறகுதான் பெங்களூருக்கு மறுபடி அனுப்பினோம்.

அடுத்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் பெட்டியோடு வந்தேன். உன்னால் சாப்பிட முடியவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த வடநாட்டு அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாய். அவர் பெட்டியைத் திறந்ததும் பழத்தைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்தாய். அவர் சிரித்தார். "ஓகேக்கா" என்றாய். நான் உன்னிடம் கடைசியாகக் கேட்ட பேச்சு அதுதான். 'மறுநாள்' என்று எழுதிய குழியில் இருந்த பழம் பழுப்பதற்குள் நீ போய்விட்டாய். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெரியாது.

இன்று பாயிடம், "வண்டி நிக்கட்டும். நான் போன் பண்ணாம ஏத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு சோளிங்கர் பஸ் ஏறினேன். ஒரு பெட்டிக்காக இவ்வளவு தூரமா என்று அவர் பேஜாராகிவிட்டார். அடிவாரத்தில் ஓர் ஆந்திராக் குடும்பம் வேனிலிருந்து இறங்கியது. அந்த அம்மாவிடம் பெட்டியை நீட்டி, மூக்கைத் தொட்டுக் காட்டினேன். மோந்தார். தன் புருஷனிடமும் நீட்டினார். இருவரும் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு என்னைப் பார்த்து, "கொத்த செப்புல வாசன" என்றார். நான் விழித்ததும் தன் காலைத் தூக்கிச் செருப்பைக் காட்டினார்.

அங்கேயே நின்று பாய்க்குப் போன் போட்டேன். "ஏத்தாதீங்க. மொத்தக் கட்டும் வேணாம். மாதனூர் ரூமுக்கு ஓடு நான் மாத்தித் தர்றேன், புதுசா அடிச்சு அங்க வைங்க."

"அப்ப இன்னிக்கு லோடு?"

"போகாது. பழத்த நம்ம ஊர்லயே வித்துக்கறேன். பெங்களூருக்கு நான் பேசிக்கறேன்."

பேசினேன். கத்தினார். கத்தட்டும். லேட் என்று கத்தினால் நாளைக்குச் சரியாகிவிடும்.

பாய்க்கு மனசு ஆறவில்லை. மறுபடி கூப்பிட்டார். "உண்மையச் சொல்லுக்கா, உனக்கு வாடை வந்துச்சா?"

பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தேன், பெட்டி என் மடியில்தான் இருந்தது. இன்னொரு முறை முகத்தை உள்ளே விட்டு நன்றாக இழுத்துப் பார்த்தேன்.

"வரல பாய். எனக்கு இந்த ஜென்மத்துல வராது. அதுக்குத்தான் இவ்ளோ தூரம் வந்தேன்."