ஏழாம் தேதியில் நின்ற காலண்டர்

வின்னிபெக், பஸ்காவுக்குப் பன்னிரண்டு நாள் முன்பு

அன்புள்ள மகள் மிரெலுக்கு அப்பா ஹெர்ஷ் சொல்லி எழுதுவது. இங்கே எனக்குப் பசிக்கும் தூக்கத்துக்கும் குறைவில்லை, இடது முழங்கால் மட்டும் குளிர் விடும்வரை பேச்சுக் கேட்பதில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

நீ பிறந்த வருஷம், ரயில் பதினோரு நாள் பனிக்குள் புதைந்து கிடந்த வருஷம். மேய்ச்சலில் இருந்த மாடுகள் வேலி ஓரமாக ஒட்டிக்கொண்டு நின்றபடியே விறைத்துச் செத்தன. எங்களோடு நிலம் வைத்திருந்த பெர்ல், விறகு தீர்ந்துபோய், தன் வண்டியின் பக்கப் பலகைகளைக் கழற்றி எரித்தான், பிறகு வண்டி இல்லாதவனுக்கு நிலம் எதற்கு என்று ரயில்வே வேலைக்குப் போய்விட்டான். அவன் போனதில் எங்கள் யூதக் குடியிருப்பில் வயதுக்கு வந்த ஆண்கள் சரியாகப் பத்துப் பேர் என்று ஆனது. இந்தப் பத்தை நினைவில் வைத்துக்கொள், பின்னால் வரும்.

இதை இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், உன் கடிதம் போன செவ்வாய் வந்தது, உன் அண்ணன் வெல்வெல் வேலையாக ரெஜைனா போயிருந்தான், அதனால் கீழ்வீட்டு கெனியாவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். போருக்குப் பிறகு போலந்திலிருந்து வந்தவள், வீட்டில் துணி தைக்கிறாள், இந்தக் கடிதத்தையும் அவள் கைதான் எழுதுகிறது. அவன் படிக்கும்போது உன் கடிதம் எப்போதும் அரைப் பக்கம் இருக்கும், கெனியா படித்தபோது இரண்டு பக்கம் இருந்தது. அம்மா இறந்த நாளுக்கு மெழுகுவத்தி ஏற்றினாய், மாப்பிள்ளை உன் பிறந்தநாளும் அதுதானே என்று கேக் வாங்கி வந்தார், நீ அதைக் குப்பையில் கொட்டினாய், பெற்றவளைக் கொன்று பிறந்தவளுக்குப் பிறந்தநாள் ஒரு கேடா, ஒவ்வொரு வருஷமும் எழுதுகிறேன், அப்பா ஒரு தடவையும் பதில் சொன்னதில்லை என்று எழுதியிருக்கிறாய். கெனியா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். வெல்வெல் திரும்பி வந்ததும் கேட்டேன். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்குப்பா, கேட்டா சாப்பிட மாட்டீங்கன்னு விட்டுட்டேன்" என்றான். நாற்பது வருஷத்துக்கு மேல் விட்டிருக்கிறான். அவனைத் திட்டாதே, நான் திட்டியாயிற்று.

ஆகவே இப்போது பதில் சொல்கிறேன். நீ பிறந்த நாளும் அம்மா போன நாளும் ஒன்றில்லை. கல்லறைக் கல்லில் வெட்டியிருக்கும் தேதி தப்பு.

உன்னை வளர்த்த ரிவ்கே பெரியம்மா அந்தக் காலத்தில் கிளீவ்லாந்திலிருந்து வருஷா வருஷம், நம் யூத மாதக் கணக்கில் தேதி கிழிக்கிற காலண்டர் ஒன்று தபாலில் அனுப்புவாள். காலையில் அடுப்பு மூட்டியதும் அம்மா நேற்றைய தாளைக் கிழிப்பாள், புதுத் தாளில் தேதிக்குக் கீழே அந்த நாளில் நம் ஜனங்களுக்கு என்ன நடந்தது என்று பொடி எழுத்தில் இருக்கும், அதை எனக்குப் படித்துச் சொல்வாள். தெபேத் பத்தில் எருசலேமை வளைத்துக்கொண்டார்கள், தம்மூஸ் பதினேழில் மதில் உடைந்தது, ஆப் ஒன்பதில் கோயில் எரிந்தது, இரண்டாம் கோயிலும் அதே ஒன்பதில், சீவான் இருபதில் நெமிரோவ் ஊரில் வெட்டிப் போட்டார்கள். "நல்லது நடந்த நாளு ஒண்ணு கூடவா கெடைக்கல இந்த அச்சடிக்கிற ஆளுக்கு" என்று திட்டிக்கொண்டே படிப்பாள், ஆனால் படிக்காமல் விட மாட்டாள். எனக்கு ஒருமுறை கேட்டால் போதும், இன்று வரை எந்தத் தாளையும் மறக்கவில்லை. "இவருக்குக் கண்ணு ரெண்டும் மூஞ்சிக்கு அழகுக்கு, படிக்கிறதெல்லாம் காதாலதான்" என்று பாஷேயிடம் சொல்லிச் சிரிப்பாள். பாஷே என்பது பக்கத்துப் பண்ணை ஜெலிக்கின் பெண்டாட்டி, எங்கள் குடியிருப்பில் பிரசவம் பார்க்கிறவள், என்னைப் போலவே எழுத்து வராதவள்.

அன்று வியாழக்கிழமை. முந்தின நாளே வெல்வெலை ஜெலிக் வீட்டில் விட்டுவிட்டு பாஷேயை அழைத்து வந்திருந்தேன். காலையில் அம்மா தாளைக் கிழித்து, அதார் மாதம் ஏழு, மோசே பிறந்ததும் இறந்ததும் இதே நாளில் என்று படித்தாள். வயிற்றைத் தடவிக்கொண்டு, "பையனா இருந்தா பேருக்கு அலைய வேண்டாம், தபால்லயே வந்துருச்சு" என்றாள். மத்தியானம் வலி எடுத்தது, பனிப்புயலும் எடுத்தது, கொட்டகைக்குப் போக இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டுதான் போனேன். நீ விளக்கு வைத்த பிறகு பிறந்தாய், நமக்கு இருட்டியதும் அடுத்த நாள் தொடங்கிவிடும், அதனால் உன் நாள் எட்டு. பாஷே உன்னைத் தூக்கிப் பார்த்து "மோசே வரலடி ஹிண்டே" என்றாள். அம்மா, "பரவால்ல, அவரோட அக்கா முன்னால வந்திருக்கா, தம்பி தண்ணியில போனா யாராவது பாத்துக்கணும்ல" என்றாள். குழந்தை மோசேயை ஆற்றில் விட்டபோது கரையில் நின்று காத்த அந்த அக்கா மிரியம், நம் வீட்டுப் பேச்சில் மிரெல். உனக்குப் பேர் வைத்தது ரிவ்கே இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓய்வுநாள் மெழுகுவத்தி இரண்டையும் அம்மாவே ஏற்றினாள், கட்டிலில் உட்கார்ந்தபடி, உன்னை மடியில் போட்டுக்கொண்டு. தட்டை நான் பிடித்தேன். நீ தும்மினாய். சனிக்கிழமை நன்றாகப் பால் குடித்தாய். உன் காது என் காது மாதிரி விரிந்து இருக்கிறதே என்று அம்மாவுக்குக் கவலை, "முடி வளந்தா மறைஞ்சிரும், யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்றாள், இன்றுதான் சொல்கிறேன். அன்று சாயங்காலம் காய்ச்சல் ஏறியது. பிரசவத்தால் வந்ததா, குளிரால் வந்ததா, பாஷே கையால் வந்ததா எனக்குத் தெரியாது, டாக்டர் ரயிலோடு பனிக்குள் கிடந்தார். அதை உனக்குப் பூசி மெழுக மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும் முன்னால் போனாள், அது பத்து. கடைசியாகப் பெரிய வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை, "புள்ளயோட காலப் போத்துங்க" என்றாள், போர்த்தினேன்.

அந்த நாட்களில் யாரும் தாளைக் கிழிக்கவில்லை. எனக்கும் பாஷேக்கும் அது சுவரில் தொங்கும் காகிதம், அவ்வளவுதான். புயல் விட்டதும் ஜெலிக் வெல்வெலைச் சறுக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார், கடுதாசி எழுதக் கையெழுத்து உள்ளவர் அவர் ஒருவர்தான். ரிவ்கேக்கு எழுத உட்கார்ந்தார், தேதிக்குச் சுவரைப் பார்த்தார், ஏழு என்று எழுதினார். பெண் பிறந்தது, தாய் போனாள், அதார் ஏழு. அந்தக் காகிதம்தான் ரிவ்கேக்குப் போனது, அதே தேதிதான் கல்வெட்டுகிறவனுக்கும் போனது, அதே தேதிதான் உன்னோடும் கிளீவ்லாந்துக்கு வந்தது.

எனக்குத் தெரிந்தது அடுத்த வருஷம். இறந்தவர்களின் நாள் எல்லாம் ஜெப ஆலயத்தில் ஜெலிக் வைத்திருக்கும் பட்டியலில்தான், அவர் எழுந்து, நாளைக்கு அதார் ஏழு, ஹிண்டேயின் நாள் என்று அறிவித்தார். ஏழாம் தேதித் தாளைத்தான் அவள் தன் வாயால் எனக்குப் படித்தாளே. நேராக பாஷேயிடம் போனேன், பால் கறந்துகொண்டிருந்தாள். "வியாழக்கிழமை செத்தவ வெள்ளிக்கிழமை எப்படி விளக்கு ஏத்துவா?" என்றேன். "கத்தாதீங்க, உள்ளதான் இருக்காரு" என்றாள். "எனக்கும் இப்பதான் தெரியும். அச்சுல இருந்ததப் பாத்து எழுதினேன்னு பெருமையா சொல்லிக்கிட்டுத் திரியற மனுஷன். தப்புன்னா நாளைக்கே ஜெபத்துக்கு வர மாட்டாரு. ஆட்டுக்குட்டி சண்டையில அஞ்சு வாரம் வராம இருந்தாரே, மறந்துட்டீங்களா? அவரு இல்லாட்டி ஒன்பது பேரு, பத்து ஆம்பள சேராம ஜெபம் கிடையாது. ஒன்பது பேர வெச்சுக்கிட்டு உங்க பையன் செத்துப்போன அம்மாவுக்குக் கதீஷ் ஜெபம் எப்படிச் சொல்லுவான்? தப்பான நாள்ல கதீஷ் வேணுமா, சரியான நாள்ல வெறும் வாய் வேணுமா?" நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்த வருஷமும் அதற்குப் பின் எல்லா வருஷமும் ஏழில் பத்துப் பேரோடு நின்றேன், பத்தில் அடுப்புப் பக்கத்தில் தனியாக ஒரு மெழுகுவத்தி வைத்தேன். ஜெலிக் இறந்து ஏழு வருஷம் ஆகிறது. அவர் பேரைக் காப்பாற்ற, தான் இருக்கும்வரை சொல்லக் கூடாது என்று பாஷே என்னிடம் கேட்டுக்கொண்டாள். மூன்று நாள் வித்தியாசம்தானே என்று நினைத்தேன், அந்த மூன்று நாளுக்குள் நீ இருக்கிறாய் என்று நினைக்கவில்லை. கெனியாவிடம் இதைச் சொன்னபோது அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். "எங்க வீட்ல போருல போனது ஆறு பேரு, ஒருத்தர் செத்த நாளும் எனக்குத் தெரியாது. உங்ககிட்ட நாள் இருக்கு, பூட்டி வெச்சிருக்கீங்க" என்றாள். அதன் பிறகுதான் காகிதம் எடுக்கச் சொன்னேன்.

அடுத்த அதாரில் மெழுகுவத்தியைப் பத்துக்கு ஏற்று, ஒன்பதாம் தேதி இருட்டியதும். எட்டில் மாப்பிள்ளை கேக் வாங்கி வந்தால் உட்கார்ந்து சாப்பிடு. ஏழாம் தேதியை மோசேக்கு விட்டுவிடு, உங்கள் இரண்டு பேருக்கும் அதில் வேலை இல்லை. கல்லை மாற்ற வேண்டாம், ஜெலிக்கும் அங்கேதான் படுத்திருக்கிறார். சாராள், ரெபேக்காள், ராகேல், லேயாள் போல ஆண்டவர் உன்னை ஆக்கட்டும், உன் பிள்ளைகளைக் கண் போலக் காக்கட்டும். கடிதம் கிடைத்ததும் பதில் போடு, வெல்வெல் பேருக்குப் போடாதே, கெனியா வீட்டு விலாசத்துக்குப் போடு.

இப்படிக்கு,
உன் அப்பா ஹெர்ஷ்

பின்குறிப்பு. எழுதி முடித்துவிட்டு கெனியா கேட்கிறாள், உங்க ஒருத்தர் பேச்ச மக நம்பணுமா, அந்த வீட்ல இருந்தவங்க வேற யாரு உயிரோட இருக்காங்க, அதையும் எழுதுங்க என்கிறாள். எழுதிக்கொள். புயல் விடும்வரை அந்த அறையில் நாலு பேர் இருந்தோம். ஹிண்டே அந்த ஞாயிற்றுக்கிழமை போனாள். பாஷே இந்தக் குளிர்காலத்து ஹனுக்கா பண்டிகையில் போனாள். நான் இன்னும் எத்தனை பஸ்கா பார்ப்பேனோ தெரியாது. என்னை விட்டால் மிச்சம் இருப்பது ஒரே ஆள், மிரெல்.