அணைத்து வைத்த போன்கள்

9 ஜனவரி 2025, வியாழன்

சிதம்பரம் போய் வந்தேன். வழக்கம்போல் கடலூரில் பஸ் ஏறும்போதே போனை அணைத்துவிட்டேன். அங்கே மணிவண்ணனும் அணைத்துவிட்டான். செல்போன் கம்பெனியில் வேலை பார்ப்பவனுக்கே போன்மேல் இவ்வளவு பயம்! "எங்க ஆபீசுல வந்து உக்காந்து பாரு, நீயும் பயப்படுவ" என்பான். இன்று ஒரு காகிதம் கொடுத்தான்; அவன் கம்பெனிக்கு வந்த அரசு உத்தரவின் நகல். கடலோரத்தில் ஒரே ஊரில் அறுபத்திரண்டு மீனவர் போன்களை ஒட்டுக் கேட்கிறார்கள். காரணம்: நாட்டின் பாதுகாப்பு. எல்லாரும் அங்கே வரவிருக்கும் ஆலையை எதிர்த்து மனு கொடுத்தவர்கள்.

"பேப்பர்ல போடு. எம்பேரு மட்டும் வெளிய வரக் கூடாது."

கல்யாணப் பேச்சை எடுக்கலாம் என்றுதான் போனேன். நிருபராகத் திரும்பி வந்தேன்.

27 ஜனவரி, திங்கள்

முதல் பக்கத்தில் வந்துவிட்டது. யார் கொடுத்தது என்று ஆசிரியர் ஜெயப்பிரகாஷ் சார் கடைசிவரை கேட்கவில்லை. மணியிடம் காட்ட ஆசை. கொஞ்ச நாள் பார்க்கவும் கூடாது, பேசவும் கூடாது என்று முடிவு செய்திருக்கிறோம்.

6 பிப்ரவரி, வியாழன்

சிதம்பரம் பஸ் என் முன்னாலேயே நின்றது. ஏறவில்லை.

20 பிப்ரவரி, வியாழன்

அவன் எண்ணை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். ஒரு தடவை குரல் கேட்டால் போதும். சாப்பிடுகிறானா? என்னை நினைக்கிறானா? கூப்பிட்டு நானே காட்டிக்கொடுப்பதா — சே. போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். "இன்னாடி ஆச்சு உனக்கு?" என்றாள். தலைவலி என்றேன்.

3 மார்ச், திங்கள்

மூன்று மணி நேரம் போலீஸ் விசாரணை. காகிதம் கொடுத்தவர் பெயரைச் சொல்ல மாட்டேன் என்றேன். தெம்பாகத்தான் சொன்னேன். அதிகாரி சிரித்தார்.

"நீ சொல்லவே வாணாம்மா."

ஒரு தாளை நீட்டினார். பதினோரு வியாழக்கிழமைகள். என் போன் அணையும்போதெல்லாம் அந்தக் கம்பெனி ஆட்களில் ஒரே ஒருவரின் போனும் அணைந்திருக்கிறது.

"ஆன்ல வச்சிருந்தீங்கன்னா கூட்டத்தோட கூட்டமா போயிருக்கும்."

ஐயோ மணி. நாம ஜாக்கிரதையா இருந்ததுதான்டா நம்மளக் காட்டிக்குடுத்துச்சு. இப்ப நான் இன்னா பண்ணுவேன்?

5 மார்ச், புதன்

மணியைக் கைது செய்துவிட்டார்கள். அரசாங்க ரகசியச் சட்டமாம்.

18 மார்ச், செவ்வாய்

கடலூர் சிறையில் அவனைப் பார்க்க மனு போட்டேன். இளைத்திருந்தான். கம்பிக்குப் பக்கத்திலேயே ஒரு காவலர் நின்று ஒரு சொல் விடாமல் கேட்டார். நான் அழுது மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"அத்த விடு. மனுவுல உறவுன்னு இன்னா எழுதுன?"

கட்டிக்கொள்ளப் போகிறவள் என்று எழுதியிருந்தேன். காவலரைப் பார்த்தபடி முணுமுணுத்தேன்.

"சத்தமா சொல்லு சரண்யா. இனிமே யாரு கேட்டா இன்னா?"

சத்தமாகச் சொன்னேன்.