மெக்கானிக் கை படாத கார்

ஜூன் 16, திங்கள்
விடிந்ததிலிருந்து மழை. கடல் பக்க யன்னல்கள் சாத்தியாயிற்று.

கார் வாங்கி எட்டு நாள். பிரேக்கை மிதித்தால் பஞ்சுக்குள் கால் போவதுபோல. இரண்டாம் மிதிக்குத்தான் பிடிக்கிறது, அதுவும் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு. இன்று காலி வீதி நெரிசலில் ஒரு பஸ்ஸின் முதுகுக்கும் எனக்கும் ஒரு சாண். கொண்டக்டர் தலையை நீட்டிச் சிங்களத்தில் நிறையச் சொன்னான். அதில் ‘அக்கே’ மட்டும்தான் மரியாதை.

விற்றவர் என் மகள் துஷாவின் மாமனார். "மெக்கானிக் கை படாத கார் தங்கச்சி. பதினொரு வருசமா எல்லாம் நான்தான்." எவ்வளவு பெருமை. சம்பந்தியிடம் வாங்கியதைக் குறை சொல்ல முடியுமா?

வாங்க: பால்மா. துஷாவுக்கு மாதுளை. கராஜுக்கு போன் அடிக்க.

ஜூன் 17, செவ்வாய்
பள்ளிக்கூடத்தில் அரைநாள் லீவு. மு.ப. 11 கராஜ்.

மெக்கானிக் ரிஸ்வான் நானா நாலு சில்லும் கழற்றினார். முன் பிரேக் பேட் தேய்ந்து தகடு மட்டும் மிச்சம். பின்னால் ஒயில் கசிந்து பிரேக் ஷூ ஊறிக் கிடந்தது. பிரேக் ஒயில் டப்பாவைத் திறந்து, விரலில் தொட்டு மணந்து பார்த்தார்.

"டீச்சர், இதுக்குள்ள யாரோ ஸ்டியரிங் ஒயில ஊத்தி இரிக்காங்க. செவப்பு லைட் பத்தினா ஊத்துறது, அணைஞ்சா ஓடுறது. ரப்பரெல்லாம் ஊதிப் போச்சு. ஒருநாளைக்குப் பெடல் தரை மட்டும் போகும், வாகனம் நிக்காது. யாரு செஞ்சது?"

தெரியாது என்றேன். சம்பந்தியின் மானம் கராஜ்வரை போக வேண்டாம்.

மாற்ற: ரப்பர் சீல் அத்தனையும், பின் சிலிண்டர் 2, ஹோஸ், பேட், ஷூ. பழைய ஒயிலை முழுக்கக் கழுவி வெளியேற்ற. சாமான் பஞ்சிகாவத்தையில் கிடைக்குமாம். இரண்டு நாள்.

ஜூன் 18, புதன்
ஓட்டோவில் பள்ளிக்கூடம். இரண்டு பக்கத்தாலும் சாரல். சேலை முழங்கால்வரை ஈரம். 9ஆம் வகுப்புக் கொப்பிகள் தப்பின.

பி.ப. 6, சம்பந்தி அழைத்தார்.
"கார் எப்பிடித் தங்கச்சி?"
"நல்லா ஓடுது அண்ணை."
கார் அப்போது சில்லில்லாமல் கட்டைமேல். மனுசனுக்குச் சந்தோஷம்.

ஏன் சொன்னேன்? துஷாவுக்கு ஏழு மாதம். இருப்பது அவர்கள் வீட்டில். நான் ஒன்று சொல்ல, அங்கே அது சாப்பாட்டு மேசைக்கு வர, முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கப் போவது அவள். சொல்லாமல் விட்டது சரி என்றே படுகிறது.

ஜூன் 19, வியாழன்
மழை விட்டது. கார் வந்தது.

கடைசி வேலைக்கு நான்தான் கூலியாள். நானா காருக்கடியில், நான் பெடலில். "மிதிங்க. பிடிங்க. விடுங்க." அரை மணித்தியாலம். கறுப்பாக வந்த ஒயில் தேன் நிறத்துக்கு மாறியது. பிறகு வெள்ளவத்தைச் சந்தைவரை ஓடிப் பார்த்தோம். தொட்டவுடன் நின்றது. பக்கத்திலிருந்த நானாவின் தொப்பி கழன்று மடியில்.

"இனிக் கண்ண மூடிட்டு ஓடலாம் டீச்சர். ஆனா மூடாதீங்க."

மாதக்கணக்கில் இப்படிச் சிரிக்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி
மு.ப. 9. தன் கந்தோருக்குப் போய்ச் சேர்ந்ததும் துஷா போன் எடுத்தாள். கால் வீக்கம் குறைவாம். மாதுளை புளியாம். பிறகு, "மாமாவின்ர வான்லயும் சிவப்பு லைட் பத்தினது அம்மா. ஞாயிறு ஏதோ ஒயில் ஊத்தினவர், லைட் நிண்டிட்டுது. கெட்டிக்காரன்."

கொட்டாஞ்சேனையிலிருந்து தினமும் அவளை ஏற்றி இறக்குவது அந்த வான். எனக்குத் தெரியும். அதையும் அவரே பார்ப்பவர் என்றும் தெரியும். மூன்று நாளாக என் காரை மட்டும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். பின்னேரம் ஓட்டோவில் போ என்றேன். காரணம் சொல்லவில்லை.

இடைவேளையில் சம்பந்திக்கு எடுத்தேன். எல்லாம் சொன்னேன்: ஸ்டியரிங் ஒயில், ஊதிய ரப்பர், புதன்கிழமைப் பொய். வானை எடுக்கவேண்டாம் என்று இரண்டு தரம்.

கோபிப்பார் என்று நினைத்தேன்.

"உங்களுக்கு இது எப்ப தெரியும்?"
"செவ்வாய்க்கிழமை."
"நான் புதன், வியாழன், இண்டைக்கு, மூண்டு நாளும் பிள்ளையை அதிலதான் ஏத்திக்கொண்டு போனனான்."