தாயத்தைத் தேய்க்காதே

காளியம்மன் துணை

ஜமுனாமரத்தூர்,
தை 22, ஞாயிறு (5.2.1984)

அன்பு மகன் சின்னதம்பிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் பாஞ்சாலை சித்தியும் உடம்புக்கு நன்றாக இருக்கிறோம். நீ நலமா என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்பேன், கடிதம் என்றால் எழுத வேண்டிய வரி என்று எழுதுவேன். இன்றைக்கு அப்படி இல்லை தம்பி, பதில் தெரியாமல் சோறு இறங்கவில்லை, அதனால் கேட்கிறேன். நீ பஹ்ரைனில் இருந்து ஜனவரி இருபத்திரண்டாம் தேதி போட்ட கடிதம் நேற்று மத்தியானம்தான் கைக்கு வந்தது. பதிமூன்று நாள். நாளைக் காலை முதல் பஸ்ஸில் அப்பா போளூர் போய் இதைச் சேர்த்தால், இதுவும் பதிமூன்று நாள் என்று வைத்தால், மாசி ஏழாம் தேதி, பிப்ரவரி பத்தொன்பதில், உன் கையில் இருக்கும். புதுத் தொட்டி கப்பலில் வந்ததும் பிப்ரவரி கடைசியில் பழையதைக் கழற்றப் போவதாக எழுதியிருக்கிறாய். நடுவில் பத்து நாள்தான் இருக்கிறது. அப்பா போளூரில் ஒரு தந்தியும் கொடுப்பார், தொட்டிக்குப் போகாதே, கடிதம் வருகிறது என்று. தந்தியில் காரணம் சொல்ல இடம் இல்லை. காரணம் சொல்லாவிட்டால் நீ சிரித்துவிட்டு வேலைக்குப் போய்விடுவாய், உன்னை எனக்குத் தெரியும். அதனால் இதை முழுதும் படி, நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி.

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். வெள்ளைக்காரர் ஒருவருடைய பாய்மரப் படகை ரிப்பேருக்குக் கரையேற்றியிருக்கிறார்கள், படகுக்குள்ளேயே கக்கூஸ், அந்தக் கழிவெல்லாம் போய் நிற்க முன்பக்கப் படுக்கைக்கு அடியில் ஒரு இரும்புத் தொட்டி, அது உப்பிலும் மலத்திலும் ஊறித் துருப்பிடித்து அப்பளம் போல ஆகிவிட்டது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும், அந்தச் சந்துக்குள் நுழைகிற உடம்பு உனக்குத்தான் என்று மேஸ்திரி உன்னைப் போட்டிருக்கிறார் என்று எழுதியிருந்தாய். இரும்புத் தொட்டி என்ற வார்த்தையிலேயே என் கை காகிதத்தின் மேல் நின்றுவிட்டது. அதற்குக் கீழே இரண்டு வரி. மேல் பலகையைக் கழற்றின முதல் இரண்டு நாள் நாற்றம் குடலைப் பிடுங்கியது, மூன்றாம் நாளில் இருந்து ஒன்றும் தெரியவில்லை, மூக்கு பழகிவிட்டதம்மா என்று ஒன்று. அம்மா, நீ கட்டிவிட்ட வெள்ளித் தாயத்து கறுத்துப் போனது, உப்புக்காற்று என்கிறார்கள், தேய்த்து வெளுக்க வைத்துவிட்டேன் என்று இன்னொன்று. இதைப் படித்துவிட்டு நான் அடுப்படியில் உட்கார்ந்தவள் விளக்கு வைக்கத்தான் எழுந்தேன்.

தம்பி, மேலே நலம் என்று நான் எழுதின பேர்களில் சடையன் சித்தப்பா பேர் இல்லை, கவனித்திருப்பாய். சித்தப்பா தை ஆறாம் தேதி வெள்ளிக்கிழமை இறந்துபோனார். நேற்றுதான் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. எழுதினால் நீ வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவாய், எடுத்தும் ஆகிவிட்டது, வந்து எந்த முகத்தைப் பார்ப்பாய் என்று அப்பாதான் காரியம் முடியட்டும் என்றார். காரியம் முடிந்து வந்தவர்கள் சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரத்தில் தபால்காரர் உன் கடிதத்தைக் கொண்டு வந்து கொடுத்தார். வேறு எந்த நாளிலாவது வந்திருக்கக் கூடாதா.

அப்பா காவல் இருக்கும் இந்தப் பங்களாவைக் கட்டும்போது முதலாளி ஜப்பார் சாயபு வாணியம்பாடியில் தோல் பதனிடுகிற தன் ஷாப்பில் இருந்து ஒரு பழைய இரும்புத் தொட்டியைக் கொண்டு வந்து கக்கூசுக்குப் பின்னால் புதைத்தாரே, அது கார்த்திகைக் கடைசியில் துருப்பிடித்து ஓட்டை விட்டது. சரிவில் கறுப்பாகக் கசிந்து சுனைப் பக்கம் இறங்க ஆரம்பித்தது. அம்மனுக்குத் தண்ணீர் எடுக்கிற சுனை, ஊரே குடிக்கிற சுனை. அப்பா சாயபுக்கு எழுதிப் போட்டார், அவரும் புதுத் தொட்டி செய்து அனுப்புகிறேன் என்று உடனே பதில் போட்டார், ஆனால் லாரி வந்து சேரத் தை பிறந்துவிட்டது. அந்த நடு நாட்களில் வீட்டில் நடந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. எண்ணெய் என்றைக்குத் தீர்ந்தது கற்பூரம் என்றைக்குத் தீர்ந்தது என்று பூஜை நோட்டில் எழுதுவேன் அல்லவா, அதில் இருப்பதை அப்படியே தருகிறேன். மார்கழி 4, கால் மெட்டி கறுத்தது. மார்கழி 9, அம்மன் முகம் கறுத்தது, விபூதி போட்டுத் தேய்த்தேன். மார்கழி 11, மறுபடியும். மார்கழி 12, மறுபடியும். அதற்குப் பிறகு தினமும். கோயிலுக்குப் பூட்டு இல்லை என்று அம்மனின் வெள்ளி முகத்தை நம் வீட்டு மாடத்தில்தானே வைத்திருக்கிறோம், அந்தச் சுவருக்குப் பின்னால் பத்து எட்டில் தொட்டி. காலையில் பளிச்சென்று துடைத்து வைத்துவிட்டுச் சாமை புடைக்கப் போவேன், திரும்பி வந்து பார்த்தால் கண் எது மூக்கு எது என்று தெரியாமல் கறுத்திருக்கும். யாரும் உள்ளே வரவில்லை, கதவு சாத்தினது சாத்தினபடி இருக்கும். கசிவின் மேல் ஒரு ஈ கிடையாது, சாணியில் மொய்க்கிற ஈ அங்கே போகவில்லை. இரண்டு தவளை மல்லாந்து கிடந்தன, உடம்பில் காயம் இல்லை, காக்காயும் அவற்றை எடுக்கவில்லை. சுனையைத் தீட்டாக்கிவிட்டோம், அதனால் ஆத்தா நமக்கு முகம் காட்டமாட்டேன் என்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். நினைத்து நினைத்து இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

லாரி வந்தது. கூட வந்தது சேட்டு, சாயபுடைய தோல் ஷாப்பில் இருபது வருஷமாக இருக்கிற ஆள். பழைய தொட்டியைக் காலி செய்து அறுத்து எடுத்தால்தான் அந்தக் குழியில் புதியதை இறக்க முடியும். கீழே இருந்து வருகிறோம் என்ற ஆட்கள் பொங்கலுக்குப் போன ஊரில் இருந்து அடுத்த வாரம்தான் வருவோம் என்று சொல்லிவிட்டார்கள். சித்தப்பா பொறுக்கவில்லை. நம்ப ஆத்தா தண்ணி, நாம எறங்குனா இன்னா கொறஞ்சிடும் என்று வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார். ஆனால் இந்த மலையில் அம்மனிடம் உத்தரவு கேட்காமல் யாரும் குழியில் இறங்குவதில்லை. சேவல் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்து, அது சிலிர்த்து உடம்பை உதறினால் உத்தரவு, இல்லாவிட்டால் இல்லை. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சேட்டு மேலே ரோட்டில் லாரிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். இங்கே நான் தூபக்காலோடு நின்றேன், பாஞ்சாலை மஞ்சள் தண்ணீர் கலக்கச் சுனைக்குப் போயிருந்தாள், அப்பாவும் சித்தப்பாவும் கடப்பாரையால் மூடியை நெம்பினார்கள். அழுகின முட்டை நூறு உடைந்தது போல ஒரு வீச்சு வந்தது. இரண்டு மூச்சுதான். மூன்றாவது மூச்சில் ஒன்றும் இல்லை. சுத்தமாக ஒன்றும் இல்லை தம்பி. நான் என் கையைப் பார்த்தேன், தூபக்காலில் இருந்து சாம்பிராணிப் புகை முகத்துக்கு நேரே வந்துகொண்டிருந்தது, அதுவும் மணக்கவில்லை. கண் மட்டும் எரிந்தது, புகை என்று துடைத்துக்கொண்டேன். குருவிச் சத்தம் கேட்டது, வெயில் அடித்தது, எல்லாம் இருந்தது, வாசனை மட்டும் உலகத்தில் இருந்து எடுத்துவிட்டது போல இருந்தது.

பாஞ்சாலை வரும் முன்பே சித்தப்பா சேவலைத் தொட்டி வாயில் வைத்துக் குடத்தில் இருந்த தண்ணீரையே தெளித்தார். சேவல் உதறவில்லை. கழுத்து மெல்லச் சாய்ந்தது, தூங்குகிறது போல இறக்கை விரிந்தது, அப்படியே உள்ளே வழுக்கிவிட்டது. அப்பா, ஒதறலியே சடையா என்றார். சித்தப்பா கையெடுத்துக் கும்பிட்டு, ஒதற விடாம ஆத்தாவே வாங்கிக்கினா பாருண்ணே, நாத்தத்தக் கூட எடுத்துக்கினா என்றார். அப்பாவுக்கு மனசு ஒப்பவில்லை. இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பூஜை முறை தெரிந்தவள், எழுதப் படிக்கத் தானாகவே கற்றுக்கொண்டவள், எது சரி என்று இந்த வீட்டில் என்னைத்தானே கேட்பார்கள். நான் சொன்னேன் தம்பி. ஆத்தா ஏத்துக்கினா, எறங்கலாம் என்று நான்தான் சொன்னேன். அவர் நெற்றியில் குங்குமம் வைத்ததும் நான்தான்.

ஏணியில் மூன்று படி இறங்கித் தலை மட்டும் வெளியே தெரிகிறபோது என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா அண்ணி, இங்க ஒண்ணுமே நாறல. உங்க சாம்பிராணி நல்லாத்தான் வேல செஞ்சிக்கிது" என்றார். இன்னும் இரண்டு படி. ஏணியைப் பிடித்திருந்த வலது கை மட்டும் எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது. அந்தக் கை விரல் விரலாகத் திறந்தது. உள்ளே இருந்து யாரோ பொறுமையாகப் பிரித்து எடுப்பது போலத் திறந்தது. சத்தமே இல்லை. அப்பா சடையா என்று கூப்பிட்டுக்கொண்டே ஏணியில் கால் வைத்துவிட்டார். சரிவில் இருந்து சேட்டு ஓடி வந்து அப்பாவை இடுப்போடு கட்டித் தூக்கிப் பின்னால் எறிந்தான், இரண்டு பேரும் புரண்டார்கள். விடுடா என் தம்பி என்று அப்பா அவனைக் குத்துகிறார், குத்து வாங்கிக்கொண்டே அவன் விடவில்லை. எறங்குனா நீயும் வரமாட்ட என்று அதையே சொன்னான். எங்களைக் காற்று அடிக்கிற பக்கமாக மேட்டுக்கு விரட்டிவிட்டு, லாரிக் கொக்கியைக் கயிற்றில் கட்டி அவனும் லாரி டிரைவரும் எட்ட நின்று போட்டுப் போட்டு இழுத்தார்கள். வெளியே வர முக்கால் மணி நேரம். முகம் தூங்குகிற முகம். நான் வைத்த குங்குமம் கலையவில்லை.

அன்று சாயங்காலம் சேட்டு என்னைக் கேட்டான், இந்த வூட்ல வெள்ளி சாமான் எதனா கறுத்திச்சாக்கா என்று. நான் ஒருத்தரிடமும் சொல்லாத சங்கதி. உனக்கு எப்படிடா தெரியும் என்றேன். தோல் ஷாப்புல வேல செய்யறவன் பொண்டாட்டி மெட்டி என்னிக்கு வெள்ளையா இருந்திச்சி என்றான். அழுகின கழிவில் பிறக்கிற காற்று அது, வெள்ளியைக் கறுக்க வைக்கும், அதிகம் போனால் மூக்கைக் கொன்றுவிட்டுத்தான் ஆளைக் கொல்லும் என்றான். "நாத்தம் அடிச்சா ஓடலாங்க்கா. அடிச்ச நாத்தம் நின்னுபோச்சின்னா ஓட நேரம் கெடையாது." இதைத்தான் உனக்குச் சொல்ல இத்தனை பக்கம் எழுதுகிறேன். உன் மூக்கு பழகவில்லை தம்பி.

ஆத்தா கோபப்படவில்லை. மார்கழி நாலில் இருந்து முப்பது நாளுக்கு மேல் அவள் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள், நான் விபூதி போட்டுத் தேய்த்து அழித்துக்கொண்டே இருந்தேன். சேவலைக் கொண்டும் சொன்னாள். அதையும் நான் புரட்டிச் சொன்னேன். இப்போது கடல் தாண்டி உன் கழுத்தில் வந்து சொல்கிறாள், நீயும் தேய்த்துவிட்டாய். இனி அதைத் தேய்க்காதே. அந்தப் படகுக்குள் போகாதே. வேறு ஆளைப் போடுவார்கள் என்றால் அவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளை, மேஸ்திரியிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு. படகின் மூடி எல்லாம் திறந்து இரண்டு நாள் காற்று ஓட விடட்டும், தொட்டியை வெளியே இருந்தே தண்ணீர் விட்டு அலசி இறைக்கட்டும், உள்ளே போகிறவன் இடுப்பில் கயிறும் கயிற்றின் மறுமுனையில் வெளியே ஆளும் இருக்கட்டும். முடியாது என்றால் வேலையை விட்டுவிட்டு வா, புளி இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது, கஞ்சிக்குக் குறைவில்லை. இன்னொன்று. கூட இருப்பவன் உள்ளே விழுந்தால் நீ பின்னால் இறங்காதே. இதை எழுதக் கூடாதுதான், அப்பாவை இழுத்துப் போட்ட சேட்டுவை நினைத்து எழுதுகிறேன்.

பாஞ்சாலை எங்களோடுதான் இருக்கிறாள். ஆத்தா தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், அதிலேயே கொஞ்சம் ஆறுதலும் அடைகிறாள். எறங்கலாம் என்று சொன்னது யார் என்று அவளுக்குத் தெரியாது. அப்பா சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார். நாளை இந்தக் கடிதம் பஸ் ஏறின பிறகு நான் அவளிடம் சொல்லப் போகிறேன். சொல்லிவிட்டு வரப்போவதை ஏற்றுக்கொள்கிறேன். உன்னிடம் முதலில் சொல்லிப் பழகிக்கொண்டேன் என்று வைத்துக்கொள்.

புதுத் தொட்டி இறக்கியாகிவிட்டது, சுனை தெளிந்துவிட்டது, அம்மன் முகம் எட்டு நாளாகத் துடைக்காமலேயே வெள்ளையாக இருக்கிறது. ஆனாலும் காலையில் எழுந்தால் முதலில் கற்பூர டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்க்கிறேன். மணந்தால்தான் அடுத்த வேலை. உனக்கும் இந்த உறைக்குள் நாலு கட்டி கற்பூரம், கரையாமல் இருக்க மிளகு போட்டுப் பிளாஸ்டிக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன். பிரித்து முகர்ந்து பார். பிறகு பக்கத்தில் இருப்பவன் யாரிடமாவது கொடுத்து முகரச் சொல். அவனுக்கு மணந்து உனக்கு மணக்காவிட்டால், கேள்வி கேட்காமல் அன்றைக்கே அந்தப் படகை விட்டுத் தூரப் போய்விடு. நலம் என்று மட்டும் எழுதாதே, கற்பூரம் மணந்தது என்று எழுது, தந்தியாகக் கொடு. அதுவரை மாடத்து விளக்கு அணையாது.

காளியம்மன் உன் கூட நிற்பாள், அவள் சொல்வதைக் கேட்கிற புத்தியையும் அவளே உனக்குக் கொடுப்பாள். நூறு வயசு இரு. தாயத்தை ஞாபகம் வை.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா,
து. சாந்தம்மாள்